58,000 மைல் ஓடிய காரில் பட்டதும், 1,31,000 மைல் ஓடிய காரை வாங்கியதும்

2021 நவம்பரில் நான் வாங்கிய முதல் ஸ்போர்ட்ஸ் கார் என்னிடம் பதினோரு மாதம்தான் இருந்தது. அதை விற்ற அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். 3,065 பவுண்ட் போயிருந்தது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 2,80,000 ரூபாய். இன்சூரன்ஸ், ரோடு டாக்ஸ் எல்லாம் இதில் சேராது. அந்தப் பதினோரு மாதமும் இதைப் பற்றிப் பேச எனக்கு ஆள் கிடையாது. நண்பர்கள் எல்லோரும் ஐந்து பேர் உட்காரும் குடும்பக் கார் வைத்திருப்பவர்கள். இருபது வருஷப் பழைய இரண்டு சீட் கார் எப்படிக் கெடும் என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியவில்லை. பிரிட்டனில் இருந்துகொண்டு அதே ஆசையில் இருக்கும் யாராவது ஒருவருக்கு இது உதவினால் போதும்.

நான் இருப்பது கவன்ட்ரி. மதுரையில் பஜாஜ் ஸ்கூட்டரின் முன்னால் நின்றுகொண்டு அப்பாவோடு போன நாளிலிருந்தே முகத்தில் காற்று அடிக்கும் பயணம் என்றால் எனக்கு உயிர். இங்கே வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சிக்னலில் என் பக்கத்தில் ஒரு சின்னப் பச்சை நிறக் கார் கூரையைத் திறந்துபோட்டு நின்றது. உள்ளே எழுபது வயது தாண்டிய தம்பதி. அந்த அம்மா தலையில் துணி கட்டியிருந்தார். அவ்வளவுதான், எனக்கு அந்தக் கார்தான் வேண்டும் என்று ஆகிவிட்டது. அது மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989-இல் வந்த மாடல், இன்றைக்கும் புதிது புதிதாக வந்துகொண்டிருக்கிறது. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது காரை உருவாக்கினார்கள். என்ஜின் முன்னால், பின்சக்கரம் இழுக்கும், எடை ஒரு டன்னை ஒட்டித்தான். 1998 முதல் 2005 வரை வந்த இரண்டாம் தலைமுறைக் கார்கள் அப்போது இரண்டாயிரம் பவுண்டிலிருந்து கிடைத்தன. என் கையில் 3,500 பவுண்ட் இருந்தது.

முதலில் பார்த்தது நாட்டிங்ஹாமில். 2002 மாடல், 1.8 லிட்டர், 1,37,000 மைல் ஓடியது, விலை 2,100. வைத்திருந்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். காரைக் காட்டும் முன் சமையலறை மேஜையில் ஒரு தடித்த ஃபைலை எடுத்து வைத்தார். பன்னிரண்டு வருஷ பில்கள். என்ஜினின் டைமிங் பெல்ட் மாற்றியது, ஸில் (கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் உடல்பகுதித் தகடு) வெல்டிங் செய்தது, கிளட்ச், கூரைத் துணி, எல்லாம் தேதிவாரியாக. கார் பார்க்கச் சுமாராகத்தான் இருந்தது. பம்பரில் கல் பட்ட புள்ளிகள், டிரைவர் சீட்டின் ஓரத்தில் தேய்மானம். ஓட்டிப் பார்த்தேன், அருமையாக ஓடியது. வெளியே வந்து நண்பனுக்கு போன் போட்டேன். "எவ்வளவுடா ஓடியிருக்கு?" என்றுதான் முதலில் கேட்டான். சொன்னேன். "கிலோமீட்டரில் ரெண்டு லட்சத்து இருபதாயிரம்டா, உனக்கென்ன பைத்தியமா?" நம் ஊரில் பழைய வண்டி வாங்கும்போது நாம் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி அதுதான், எனக்கும் அது சரியாகவே பட்டது. ஆசிரியரிடம் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்புறம் போன் செய்யவில்லை. அந்த ஃபைலை மேஜையில் விட்டுவிட்டு வந்ததை நினைத்தால் இன்றைக்கும் மனசு கஷ்டப்படும்.

மூன்று வாரம் கழித்து இன்னொரு விளம்பரம். 2003 மாடல், அதே என்ஜின், 58,000 மைல்தான், 2,800 பவுண்ட். சிவப்பு நிறம் பளபளவென்று இருந்தது. குனிந்து அடியில் பார்த்தேன். புதிதாகக் கறுப்புப் பூச்சு, தார் போல மொழுமொழுவென்று. நன்றாகப் பராமரித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நான் போய்ச் சேர்ந்தபோது என்ஜின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. "உங்களுக்காகச் சூடாக்கி வைத்தேன்" என்றார் விற்றவர். லாக்புக்கில், அதாவது காரின் பதிவுப் புத்தகத்தில், வேறு ஒருவர் பெயர் இருந்தது. கேட்டதற்கு உறவினர் என்றார். பில் எதுவும் இல்லை. எம்.ஓ.டி. என்கிற வருடாந்திரச் சோதனை செப்டம்பரில்தான் பாஸ் ஆகியிருந்தது, இன்னும் பத்து மாதம் இருக்கிறது. 2,600-க்குப் பேசி முடித்து, நின்ற இடத்திலேயே போனில் பணம் அனுப்பினேன். மொத்தமாக முப்பத்தைந்து நிமிஷம் ஆகியிருக்கும்.

அந்த முப்பத்தைந்து நிமிஷத்தில் ஐந்து நிமிஷம் ஒதுக்கி அரசின் இணையதளத்தில் கார் நம்பரைப் போட்டிருந்தால் போதும், நான் தப்பித்திருப்பேன். பிரிட்டனில் மூன்று வயது தாண்டிய கார்களுக்குப் பொதுவாக வருஷா வருஷம் எம்.ஓ.டி. சோதனை கட்டாயம். அந்தச் சோதனைகளின் வரலாறு முழுவதையும் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். எந்தத் தேதி, எத்தனை மைல், பாஸா ஃபெயிலா, ஃபெயில் என்றால் எதற்காக, பாஸ் ஆனாலும் 'கவனிக்க வேண்டியது' என்று சோதனை செய்தவர் எழுதிய குறிப்பு என்ன, எல்லாம் இருக்கும். நான் பார்த்தது பாஸ் ஆன தேதியை மட்டும். பிறகு ஒருநாள் முழுவதையும் உட்கார்ந்து படித்தேன். 2014-இல் 56,400 மைல், இரண்டு பக்கமும் பின் ஸில்லில் துரு என்று குறிப்பு. 2015-இல் 57,000, அதே குறிப்பு. 2016, 2017, 2018 மூன்று வருஷமும் சோதனையே இல்லை, கார் எங்கோ நின்றிருக்கிறது. 2019-இல் 57,100, அதே இடத்தில் துரு என்று ஃபெயில், மூன்று நாளில் பாஸ். 2021-இல் பாஸ், கூடவே 'அடிப்பகுதி முழுவதும் பூச்சால் மூடப்பட்டுள்ளது' என்று ஒரு வரி. அந்தச் சோதனையில் எதையும் கழற்றிப் பார்க்க மாட்டார்கள். பூச்சுக்குப் பின்னால் இருப்பதைத் தன்னால் பார்க்க முடியவில்லை என்பதைத்தான் அவர் அப்படி எழுதி வைத்திருந்தார். அந்த ஒரே வரியில் எல்லாமே இருந்தது.

இந்த வரலாற்றை எப்படிப் படிப்பது என்று இப்போது எனக்கு ஓரளவு பழகிவிட்டது. மைல் கணக்கு வருஷத்துக்கு ஆறாயிரம், ஏழாயிரம் என்று சீராக ஏறியிருக்கிறதா என்று பார்ப்பேன். நடுவில் ஓரிரு வருஷம் காணாமல் போயிருந்தால், அந்தக் காலத்தில் கார் எங்கே நின்றது, கூரைக்குக் கீழா மழையிலா என்று கேட்பேன். ஒரே குறிப்பு இரண்டு மூன்று வருஷம் திரும்பத் திரும்ப வந்து, பிறகு திடீரென்று மறைந்திருந்தால் அதற்குப் பில் காட்டச் சொல்வேன். பில் இல்லை என்றால் வேலை நடக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன். அதோடு பத்து இருபது பவுண்ட் செலவில் காரின் மேல் கடன் பாக்கி இருக்கிறதா, பெரிய விபத்தில் கழித்துக்கட்டிய வண்டியா என்றும் பார்த்துவிடலாம். லாக்புக்கில் பெயர் இருப்பதால் மட்டும் ஒருவர் சட்டப்படி உரிமையாளர் ஆகிவிட மாட்டார், அந்தப் புத்தகத்திலேயே அப்படித்தான் போட்டிருக்கும்.

வாங்கி ஒரு வாரத்தில் மழை. காலையில் கதவைத் திறந்தால் சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட் சொதசொதவென்று ஈரம். கூரைத் துணியில் விழும் தண்ணீர் இரண்டு பக்கமும் சின்னத் துவாரம் வழியாகக் கீழே இறங்கி வெளியே போக வேண்டும். அந்தத் துவாரத்தில் இலைகள் மக்கி அடைத்திருந்தன. அடைத்துக்கொண்டால் தண்ணீர் கார்ப்பெட்டுக்கும் ஸில்லுக்கும் போகும், ஸில் உள்ளிருந்து துருப்பிடிக்கும். அப்போது எனக்கு இது தெரியாது. குச்சியால் குத்திச் சரிசெய்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன். டிசம்பரில் பேட்டரி, 75 பவுண்ட். ஜனவரியில் டயர். பட்டன் நன்றாகவே இருந்தது, ஆனால் பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்க எண் 1009, அதாவது 2009-ஆம் வருஷத்தின் பத்தாவது வாரத்தில் செய்த டயர். பக்கச் சுவரில் முடி போல வெடிப்பு ஓடியிருந்தது. நான்கும் மாற்ற 260. பிப்ரவரியில் பின் பிரேக் இறுகிக்கொண்டு சக்கரம் சுட்டது. பிரேக்கைப் பிடிக்கும் காலிப்பர் இரண்டும் ஹேண்ட்பிரேக் கேபிளும் சேர்த்து 310. டைமிங் பெல்ட் அறுபதாயிரம் மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. என் காரில் பதினெட்டு வருஷமாக ஒரிஜினல் பெல்ட், வாட்டர் பம்போடு சேர்த்து 340. புது டயர் ஒரு பக்கமாகத் தேயவே வீல் அலைன்மென்ட்டுக்கு விட்டேன். சரிசெய்யும் போல்ட்டுகள் துருப்பிடித்து, அவற்றைச் சுற்றியுள்ள புஷ்ஷோடு ஒட்டிக்கொண்டு திரும்பவே இல்லை, அறுத்து எடுத்துப் புதிது போட 280.

ஒவ்வொரு முறையும் இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். இவ்வளவு போட்டாயிற்று, இனி விற்றால் நஷ்டம், இன்னும் இதை மட்டும் செய்துவிட்டால் நல்ல கார் என்று ஒரு நினைப்பு வரும். அந்த நினைப்புத்தான் என் பணத்தைத் தின்றது. பில்களை லேப்டாப் பையின் உள் ஜிப்பில் வைத்திருந்தேன். மனைவி கேட்டால் சின்ன வேலைதான் என்பேன். பொய் சொல்கிறேன் என்று தெரிந்தேதான் சொன்னேன். வேலை முடிந்து கார் பார்க்கில் அந்தக் காரில் உட்கார்ந்து, இன்றைக்கு எந்தச் சத்தம் வரும் என்று பயந்துகொண்டே சாவியைத் திருப்புவேன். கூரையைத் திறந்து ஓட்டிய நாட்களை விரல் விட்டு எண்ணலாம்.

2022 செப்டம்பரில் எம்.ஓ.டி. ஃபெயில். இரண்டு பின் ஸில்லும், இடது பக்க முன் சேஸிஸ் ரெயிலும் (காரைத் தாங்கும் அடிச்சட்டம்) துரு தின்று பலமிழந்துவிட்டன என்று எழுதியிருந்தார்கள். வெல்டிங்குக்கு 2,200 கேட்டார்கள். உடன் வேலை செய்யும் ஒருவர், யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருக்கிறார், காட்டிப் பாருங்கள் என்றார். அந்த அண்ணன் காரை லிஃப்டில் ஏற்றி, கையில் விளக்கோடு கீழே நின்றபடி என்னையும் கூப்பிட்டார். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் ஸில்லை முன்னாலிருந்து பின்னால் வரை தட்டிக்கொண்டே போனார். கதவுக்குக் கீழே டங், டங் என்று கேட்டது. பின்சக்கரத்தை நெருங்க நெருங்க டொப், டொப் என்று அமுங்கியது. ஒரு இடத்தில் கறுப்புப் பூச்சு பட்டையாகப் பெயர்ந்து விழ, உள்ளிருந்து தேயிலைத் தூள் போல ஒரு கைப்பிடி கொட்டியது. "தம்பி, வாங்க முன்னம் கீழ பாத்தனீங்களோ?" என்றார். நான் பேசவில்லை. "உள்ளுக்க முழுக்கக் கறள். மேல தகடு வச்சு மூடிப்போட்டு மை பூசியிருக்கிறாங்கள்." துருவுக்கு அவர்கள் சொல்லும் வார்த்தை கறள். அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன், இனி மறக்காது. வெல்டிங் செய்து தருவீர்களா அண்ணா என்று கேட்டேன். "செய்யலாம், காசும் வாங்கலாம். ஆனா அது உங்களுக்குத்தான் நட்டம். குடுத்திட்டு வேற பாருங்கோ." அவருக்கு அன்றைக்கு வேலை தேவைப்பட்டிருக்கும். அப்படியும் வேண்டாம் என்று சொன்னார்.

மைலைப் பற்றி அவர் விளக்கியதை என் சொல்லில் தருகிறேன். தினமும் ஓடும் காரின் என்ஜின் நன்றாகச் சூடாகி, எண்ணெய் எல்லா இடமும் பாய்ந்து, உள்ளே சேரும் ஈரமும் போய்விடும். பிரேக் அசைந்துகொண்டே இருப்பதால் இறுகாது. தினமும் ஓட்டுகிறவர் கெட்டதை உடனே செய்துதான் ஆக வேண்டும். நிற்கும் காரில் ரப்பர் சீல் காயும், பெட்ரோல் கெடும், டயர் வெடிக்கும், துவாரத்தில் இலை மக்கும். இந்த மாடலின் என்ஜின் எண்ணெயும் பெல்ட்டும் நேரத்துக்கு மாற்றினால் இரண்டு லட்சம் மைலுக்கு அஞ்சாது. இங்கே குளிர்காலத்தில் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள், அதுதான் காரைக் கொல்லும். கிளட்ச், புஷ், ஷாக் அப்சார்பர் எல்லாம் அதிக மைலில் தேயும்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவற்றுக்கெல்லாம் உதிரிபாகம் உண்டு, விலை உண்டு, ஒரு நாள் வேலை. துருவுக்கு எவ்வளவு ஆகும் என்று வெட்டிப் பார்க்கும் வரை யாராலும் சொல்ல முடியாது.

விற்றவருக்கு இரண்டு மெசேஜ் அனுப்பினேன், பதில் இல்லை. சட்டத்தில் என்ன வழி என்று தேடியபோதுதான் தெரிந்தது, டீலரிடம் வாங்கியிருந்தால் 2015-இன் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி பழுதான காரை முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம். தனிநபரிடம் வாங்கினால் அது இல்லை. அவர் பொய்யான விவரம் சொன்னார் என்று நாம் நிரூபிக்க வேண்டும். துரு இல்லை என்று அவர் சொல்லவே இல்லை, நானும் கேட்கவே இல்லை. அதனால் தனிநபரிடம் வாங்குவதாக இருந்தால் மெசேஜிலேயே கேளுங்கள்: துரு வேலை செய்திருக்கிறீர்களா, எங்கே, எப்போது? எழுத்தில் பதில் வரட்டும். விளம்பரத்தையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கராஜிலிருந்து திரும்பிய அன்று ராத்திரி லேப்டாப் பையிலிருந்து பில்களை எடுத்து மனைவியிடம் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "ஏங்க, முதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்று மட்டும் சொன்னாள். பணம் போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அக்டோபரில் உதிரிபாகத்துக்காக ஒருவர் 800 பவுண்டுக்கு எடுத்துக்கொண்டார். புது டயர், புது காலிப்பர், புது பெல்ட் எல்லாம் அதோடு போயின.

இரண்டாவது கார் வேண்டாம் என்று ஆறு மாதம் இருந்தேன். பிறகு, "உங்களுக்கு வேணும்னா வாங்குங்க, ஆனா இந்தத் தடவை அந்த அண்ணாகிட்ட காட்டாம வாங்காதீங்க" என்று மனைவியே சொன்னாள். இந்த முறை பணத்தை முதலிலேயே பிரித்தேன்: வாங்க இரண்டாயிரம், முதல் வருஷச் செலவுக்கு ஆயிரம். மைல் எவ்வளவு என்று பார்ப்பதை விட்டேன். எம்.ஓ.டி. வரலாற்றை மட்டும் படித்தே பதினைந்து கார்களைக் கழித்துவிட்டேன், வீட்டைவிட்டு வெளியே போகாமலே. நேரில் போனது மூன்றுக்கு. வருவதற்கு முன் என்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போவேன், போனதும் பானெட்டில் கை வைத்துப் பார்ப்பேன். துணி சுற்றிய சின்னக் காந்தம் ஒன்று பாக்கெட்டில் இருக்கும். பின்சக்கர வளைவில் வைத்தால் இரும்பில் பிடிக்கும், புட்டி வைத்து நிரப்பிய இடத்தில் நழுவும். ஒன்றில் நழுவியது, அப்படியே நன்றி சொல்லிவிட்டு வந்தேன். இன்னொருவர் லிஃப்டில் ஏற்றிப் பார்க்க விடமாட்டேன் என்றார். அதற்கு மேல் அங்கே நிற்க வேலை இல்லை.

மூன்றாவது, 2004 மாடல், 1,31,000 மைல். லெஸ்டரில் ஒரு நர்ஸ் தினமும் வேலைக்கு ஓட்டிக்கொண்டிருந்தது. அவரிடமும் ஒரு ஃபைல் இருந்தது. 2019-இல் இரண்டு ஸில்லையும் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்ததற்கு, வெட்டிய இடம் திறந்திருக்கும்போதே எடுத்த படங்களோடு பில். பெல்ட் இரண்டு முறை மாற்றியிருந்தார். டயர் நான்கும் ஒரே கம்பெனி, மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. பக்கத்தில் ஒரு கராஜில் அரைமணி நேரம் லிஃப்டுக்குப் பணம் கட்டி, அண்ணாவையும் அவருடைய அரைநாள் கூலியைக் கொடுத்து அழைத்துப் போயிருந்தேன். மொத்தம் 90 பவுண்ட் ஆனது. அதே ஸ்க்ரூடிரைவர், அதே பிடி. முன்னாலிருந்து பின்னால் வரை டங், டங், டங். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். முன் சேஸிஸ் ரெயிலில் இடது பக்கம் வந்ததும் அவர் நின்றார், விளக்கைக் கிட்டக் கொண்டுபோய்த் தேய்த்துப் பார்த்தார். "இதில இப்பதான் தொடங்குது. ரெண்டு மூண்டு வருசத்துக்குள்ள செய்யவேணும். மற்றதெல்லாம் நல்லா இருக்கு, எடுங்கோ தம்பி." கிளட்ச் சிலிண்டர் ஒன்று லேசாகக் கசிவதையும் கண்டுபிடித்தார். அதையும் ரெயிலையும் காட்டி 2,200 கேட்டதை 1,950 ஆக்கினேன்.

பணம் அனுப்பியதும் செய்ய வேண்டிய இன்னொன்று: இங்கே 2014 அக்டோபரிலிருந்து பழைய உரிமையாளர் கட்டிய ரோடு டாக்ஸ் காரோடு வராது. லாக்புக்கில் கிழித்துத் தரும் புதிய உரிமையாளர் துண்டில் உள்ள எண்ணை வைத்து நாமே அங்கேயே கட்டிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். இன்சூரன்ஸும் அப்படித்தான், கிளம்பும் முன்பே. லண்டனில் இருப்பவர்கள் வாங்கும் முன் நம்பரைப் போட்டு யூலெஸ் கட்டணம் (புகை அதிகம் விடும் வண்டிகளுக்கான லண்டன் கட்டணம்) உண்டா என்றும் பாருங்கள். தேறாத காருக்கு ஓட்டும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்ட்.

இப்போது மீட்டர் 1,44,000-ஐத் தாண்டிவிட்டது. இரண்டு வருஷத்தில் செலவு கிளட்ச் சிலிண்டர், எண்ணெய், ஒரு பேட்டரி, முன் பிரேக் பேட், அவ்வளவுதான். இலையுதிர் காலத்தில் மாதம் ஒருமுறை தண்ணீர்த் துவாரங்களில் மெல்லிய பிளாஸ்டிக் குழாயை விட்டுச் சுத்தம் செய்கிறேன். சாலையில் உப்புப் போட்ட வாரங்களில் காரின் அடியில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறேன். அடுத்த எம்.ஓ.டி. மார்ச்சில். இடது பக்க ரெயிலுக்கு 600 பவுண்ட் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், வெட்டித் திறந்ததும் படம் எடுத்துத் தரச் சொல்லி அண்ணாவிடம் இப்போதே சொல்லிவிட்டேன். என் ஃபைலில் வைக்க வேண்டும்.